கைதட்ட ஆளில்லாத லைவ் ஆல்பம்

1. வயலில் நட்ட மைக்

என் மகளை வயலில் வைத்து ஐம்பது அறுபது பேர் வளைத்துக்கொண்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு பியானோவுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். பியானோவின் கீழ்ப்பக்கத்திலிருந்து 'கிர்' என்று ஏதோ ஒன்று மைக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தேடும் வேலை. சவுண்டு தொழிலில் பாதி நாள் இப்படித்தான் போகும். எதற்காவது அடியில் படுத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காத ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு மயிலாடுதுறையில் சவுண்டு சர்வீஸ். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுக் கூம்பு ஸ்பீக்கரைத் தென்னைமரத்தில் கட்டுகிறவன் என்று என் மாமனார் கடைசிவரை சொல்லிக் காட்டினார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, இரண்டு கழகங்களின் பொதுக்கூட்டம், அந்தக் கூட்டங்களைக் கண்டித்து நடக்கும் உண்ணாவிரதம் என்று எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ரெக்கார்டிங் பக்கம் வந்தேன். ஜாஸ் மட்டும் அதுவரை எடுத்ததில்லை. ஜாஸ் என்றால் என்ன என்று மகள் யாழினியிடம் கேட்டேன்.

"எங்க ஆரம்பிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும்பா. எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான்."

பொதுக்கூட்டத்துக்கு மைக் போட்டுப் பழகியவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

யாழினி என்று பெயர் வைத்தது நான்தான். மடியில் வைத்து வாசிக்கிற அளவில் ஏதாவது கற்றுக்கொள்வாள் என்று எண்ணம். அவள் பிடித்துக்கொண்டது டபுள் பாஸ். பார்ப்பதற்கு வயலின் மாதிரி இருக்கும், உயரம் பீரோ உயரம். சென்னையில் ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற வேலையை விட்டுவிட்டு, சந்துரு என்கிற பியானோக்காரரின் நால்வர் குழுவில் போய்ச் சேர்ந்தாள். பியானோ, டபுள் பாஸ், சாக்ஸபோன், டிரம்ஸ். பாட ஆள் கிடையாது. வீட்டில் ஒரு மாதம் இதே வாக்குவாதம். கடைசியில் அவளே ஒரு ஏற்பாடு சொன்னாள். "இந்த ஒரு ஆல்பம் வரட்டும்பா. அதுல என் வாசிப்பு தேறலைன்னா நானே திரும்ப வேலைக்குப் போயிடறேன்."

அந்த ஆல்பத்தை ரெக்கார்டு செய்யும் வேலையைச் சந்துரு என்னிடமே கொடுத்தார். அவள் தேறுவதும் தேறாததும் இனி என் மைக்கில்.

எடுப்பது லைவ் ஆல்பம். ஸ்டுடியோவில் துண்டு துண்டாக வாசித்து ஒட்டுகிற வேலை இல்லை. ஆட்களை உட்காரவைத்து, ஒரே மாலையில், வாசித்தது வாசித்தபடி எடுக்க வேண்டும். இடம் குத்தாலத்துக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில். சந்துருவின் தாத்தா கட்டியது. அந்தக் குடும்பம் நிலத்தையெல்லாம் விற்றுவிட்டு எப்போதோ சென்னைக்குப் போய்விட்டது. அவர்கள் வயலில் நடவு நட்டவர்களின் பிள்ளைகள் இன்று அதே வயலுக்குப் பட்டாதாரர்கள். மிச்சம் இருந்தது மில் மட்டும். உயரமான ஓட்டுக்கூரை, நீளமான வெறும் கூடம். உள்ளே நின்று ஒரு தட்டு தட்டினால் சத்தம் கூரை வரை போய் உலாத்திவிட்டு மெதுவாக இறங்கி வரும்.

"இந்த எக்கோவுக்காகத்தான் சார் இவ்வளவு தூரம் வந்தேன். எந்த ஸ்டுடியோவிலயும் இது கிடைக்காது" என்றார் சந்துரு.

பியானோ சென்னையிலிருந்து வாடகைக்கு வந்தது. மறுநாள் விடிந்ததும் அது ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயாக வேண்டும். அந்த மாலையை விட்டால் வேறு மாலை இல்லை. கேட்பதற்குச் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் சந்துருவின் நண்பர்கள் வேனில் வருவதாக இருந்தது.

சந்துருவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. பொழுது சாயும்போது வயலில் தவளை கத்துமே, அதையும் தனி சேனலில் எடுக்க வேண்டுமாம். வைகாசி மாதம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் போர் தண்ணீரை வைத்துக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள், தவளைகளுக்கு அது போதும். "நான் போய் செட் பண்ணிட்டு வரேன்பா, நீங்க பியானோவைப் பாருங்க" என்று யாழினி கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். வரப்போரமாக அதை ஓட்டி, நாற்றங்காலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குச்சியைக் குத்தி, அதில் மைக்கைக் கட்டினாள்.

வயலில் கேபிள் ஓட்டிக் குச்சி குத்துவது அந்த வருடம் எங்கள் பக்கத்தில் யாரும் செய்யக்கூடாத காரியம். எரிவாயு தேடி வருகிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். வரப்போடு வயரை ஓட்டி, இடைவெளி விட்டுக் குச்சி குச்சியாக மண்ணில் செருகி, தூரத்தில் வெடி வைத்து, பூமிக்குள்ளிருந்து வருகிற அதிர்வைக் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போனால் பின்னாலேயே குழாய் வரும், குழாய் வந்தால் நிலம் போகும் என்று ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. ஐந்து பேருக்கு மேல் எங்கும் கூடக்கூடாது என்று தடை உத்தரவு போட்டு, போலீஸ் அதை ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மைக்கும் என்னுடையதுதான்.

இதெல்லாம் சென்னையில் இருந்த யாழினிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் பியானோவுக்கு அடியில் இருந்தேன்.

2. மைக் செட்காரனுக்குக் கட்சி கிடையாது

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவள் முழங்கால் வரை சேறோடு கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். எதிரில் மலர்க்கொடி அக்கா. முன்னாள் ஊராட்சித் தலைவர், அப்போது அந்த வட்டாரத்துப் போராட்டக் குழுவுக்குத் தலைவர். மில்லை ஒட்டின நாற்றங்கால் அவருடையது. எல்லோர் தோளிலும் பச்சைத் துண்டு.

"எந்தக் கம்பெனிம்மா நீ?"

"கம்பெனி இல்லக்கா. தவளை சத்தம் எடுக்க வந்தேன்."

"எது எடுக்க?"

"தவளை சத்தம்."

பின்னாலிருந்து ஒருவர், "ஏன், மெட்ராஸ்ல தவளைக்குப் பஞ்சமா?" என்றார். கூட்டம் சிரித்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

நான் உள்ளே புகுந்தேன். "அக்கா, நான்தான். போன மாசம் உங்க உண்ணாவிரதப் பந்தலுக்கு செட் போட்டனே. இது என் பொண்ணு."

மலர்க்கொடி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "போட்டீங்க. அதுக்கு முந்தின வாரம் கம்பெனிக்காரன் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் நீங்கதான் போட்டீங்க. நான் பேச எந்திரிச்சா மைக்கு கரகரன்னுச்சு."

"அது வயரைச் செருகற ஜாக் லூசு அக்கா."

"கலெக்டர் பேசறப்ப டைட்டா இருந்துச்சே."

மைக் செட்காரனுக்குக் கட்சி கிடையாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. யார் கூப்பிட்டாலும் போடுவோம், யார் பேசினாலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஒரே அளவில் வைப்போம். இதனால் எல்லோருக்கும் வேண்டியவனாக இருப்போம் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். வரப்பில் நிற்கும்போதுதான் தெரிந்தது, எவருக்கும் நம்பிக்கை இல்லாதவனாகவும் இருக்கலாம்.

படித்தவன் என்ற முறையில் விளக்கிச் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். "அக்கா, அவங்க குத்தறது வேற, இது வேற. அது பூமியோட அதிர்வைக் கேக்கற கருவி. பேரு ஜியோஃபோன். ஒரு வகையில பார்த்தா அதுவும் மைக்குதான், ஆனா..."

"அதுவும் மைக்குதானாம். அவரே ஒத்துக்கிட்டாரு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இயற்பியல் என்னைக் கைவிட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

அதற்குள் வேறொருவர், மத்தியானம் மில் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கருப்புப் பெட்டி இறங்கியதாகவும், அது துளை போடுகிற மிஷின் என்றும் சொன்னார். இன்னொருவர், அப்படியானால் மில்லுக்கார வீட்டில் மில்லையும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்றார். சரியாக அந்த நேரம் பார்த்து மில்லுக்கார வீட்டுப் பேரன் சந்துரு வெள்ளை ஜிப்பாவில் வரப்பில் தடுமாறிக்கொண்டு வந்து, "இது எங்க தாத்தா இடங்க. யாருக்கும் விக்கல" என்றார்.

"தெரியும் தம்பி. உங்க தாத்தா இடத்துலதான் எங்கம்மா தவிடு சலிச்சாங்க" என்றார் மலர்க்கொடி அக்கா.

எனக்குக் கண்ணில் நின்றதெல்லாம் ஒன்றுதான். இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கையை நீட்டினால் என்ன ஆகும்? யாழினி என்னைவிட நிதானமாக இருந்தாள். "அக்கா, அந்தப் பெட்டியை நான் திறந்து காட்டறேன். வாசிச்சும் காட்டறேன். வாத்தியம் இல்லைன்னா இந்தக் கேபிளை நீங்களே எடுத்துக்குங்க."

மலர்க்கொடி அக்கா குச்சியைப் பிடுங்கினார். கேபிளைக் கயிறு மாதிரி சுருட்டித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, நட" என்றார். மொத்தக் கூட்டமும் மில்லைப் பார்த்து நடந்தது. வழியில் இன்னும் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள்.

நடக்கும்போதே மனைவியிடமிருந்து போன். "குத்தாலம் பக்கம் பதற்றம்னு டிவியில ஓடுது. நீங்க மில்லுக்குள்ளதான இருக்கீங்க? பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"என்ன அங்க அவ்வளவு சத்தம்?"

"ஆடியன்ஸ் வந்துட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

3. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்

மில்லுக்குள் நூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்தார்கள். யாழினி பெட்டியைத் திறந்து டபுள் பாஸை நிமிர்த்தி நிறுத்தினாள். "அட, வயலின் ஊதிப்போயிடுச்சு" என்றார் ஒருவர்.

சந்துரு நடுக்கூடத்தில் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். சத்தம் 'டப்' என்று விழுந்து அங்கேயே செத்தது. மனித உடம்பு சத்தத்தைக் குடிக்கும். காலி மண்டபத்தில் எக்கோ இருக்கும், ஆள் நிறைந்தால் போய்விடும். நாற்காலிகூட இல்லாமல் நெருக்கி உட்கார்ந்த நூறு பேர் என்றால் பஞ்சு மெத்தைக்குச் சமம்.

"எக்கோ போச்சு சார்" என்றார் என்னிடம், அழாத குறையாக.

"ஆள் வந்திருக்காங்களே சார்."

"அதனாலதான் சார் போச்சு."

அவர் அழைத்த நண்பர்களின் வேனைப் போலீஸ் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. எக்கோவுக்காக வந்தவருக்கு எக்கோவும் இல்லை, அவருடைய ஆடியன்ஸும் இல்லை. இந்த ஆடியன்ஸ்தான். நான் ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினேன்.

முதல் உருப்படியை வாசித்து முடித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். முடிந்ததும் யாரும் அசையவில்லை. மலர்க்கொடி அக்கா தோளில் கேபிளோடு முன்வரிசையிலிருந்து, "சரி, டெஸ்டிங் ஆயிடுச்சுல்ல. பாட்டை ஆரம்பிங்க" என்றார்.

இரண்டாவது உருப்படி முழுவதும் பாடகர் எப்போது வருவார் என்ற பேச்சு ஓடியது. அவர் பஸ்ஸில் வருகிறாரா காரில் வருகிறாரா என்று ஒரு தரப்பு. சாக்ஸபோனைப் பார்த்து, "நாயனந்தான், வெயில்ல வளைஞ்சிருக்கு" என்று ஒரு தரப்பு. டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தோல்மேல் மெதுவாகத் தேய்த்தார். ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அடிக்கச் சொன்னா பெருக்கிக்கிட்டு இருக்கான்" என்றார். எல்லாம் பார்வையாளர் மைக்கில் துல்லியமாக ஏறியது. ஆல்பத்தில் இன்றும் இருக்கிறது.

மூன்றாவதில் யாழினிக்குத் தனி ஆவர்த்தனம் மாதிரி ஓர் இடம். மற்ற மூவரும் நிறுத்திக்கொண்டார்கள். அடித் தந்தியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். டபுள் பாஸ் ஓர் ஆணியின்மேல் தரையில் நிற்கிற வாத்தியம். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே தரை வழியாகப் போகும். நாற்காலியில் உட்காருகிற சென்னைக்காரர்களுக்கு இது தெரியாது, செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டவர்களுக்குத் தெரியும். பேச்சு ஒவ்வொரு மூலையாக நின்றது. ஒருவர் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். பிறகு பலர் வைத்தார்கள்.

மலர்க்கொடி அக்கா பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "மில்லு ஓடறப்ப தரை இப்படித்தான் அதிரும்" என்றார். தோளில் இருந்த கேபிளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மீட்டரில் மகளின் சேனல் பச்சையில் ஏறி இறங்கியது. நான் ஃபேடரைத் தொடவே இல்லை. தொடவேண்டிய அவசியம் இல்லை.

4. தலைமை விருந்தினர்

அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர், பின்னால் நாலைந்து காவலர்கள். மில்லில் கூட்டம் கூடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தடை உத்தரவு இருக்குன்னு தெரியும்ல? எல்லாரும் எந்திரிங்க. பேர் எழுதணும்."

வாசிப்பு நின்றது. மலர்க்கொடி அக்கா உட்கார்ந்தபடியே, "எதுக்கு சார்? கச்சேரி கேக்க வந்தோம்" என்றார்.

"நீங்களா? கச்சேரிக்கா?"

"ஏன், எங்களுக்குக் காது இல்லையா?"

இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார். "மைக் பர்மிஷன் இருக்கா?" இருந்தது. அவருடைய ஸ்டேஷனிலேயே ஒரு வாரம் நடந்து நான் வாங்கியதுதான். இன்னிசை நிகழ்ச்சி, இரவு பத்து மணி வரை.

"சரி. அப்ப இவங்கள்லாம் யாரு? உண்மையைச் சொல்லுங்க. ஆடியன்ஸா, போராட்டக் கூட்டமா?"

நூறு பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு மகள் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறுவதும், பாஸ்போர்ட் ஆபீஸில் ஒரு குமாஸ்தா அதைப் பார்த்துத் தலையை ஆட்டுவதும் வரிசையாகத் தெரிந்தன. ஒரு கணம், வந்தவர்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தொழில் விதிப்படி அதுதான் சரி. ஆனால் ஹெட்போனில் சற்றுமுன் கேட்ட அமைதி என் காதில் இருந்தது. அப்படி ஓர் அமைதி காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவர்களிடம்கூடக் கிடைக்காது.

"ஆடியன்ஸ்தான் சார்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். சட்டம் தெரிந்தவர். "நல்லது. கச்சேரி நடக்கிற வரைக்கும் ஆடியன்ஸ். முடிஞ்ச நிமிஷத்துலேர்ந்து சட்டவிரோதக் கூட்டம். வாசல்ல வேன் நிக்கும். கச்சேரிக்காரங்க பேரும் வேணும், கூட்டத்தைக் கூட்டினதே அவங்கதான். நீங்க முடிங்க, நான் இருக்கேன்."

மலர்க்கொடி அக்கா எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து பியானோவுக்கு நேர் எதிரில், எல்லோருக்கும் முன்னால் போட்டார். "தலைமை விருந்தினர் நிக்கலாமா சார்? உக்காருங்க." உட்கார்ந்ததும் தன் தோளில் இருந்த பச்சைத் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார். எங்கள் பக்கத்தில் மேடைக்கு முன்னால் ஒருவரை உட்காரவைத்துத் துண்டு போர்த்திவிட்டால் அவர் கூட்டம் முடியும் வரை பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். அமைச்சர்களே திரும்புவதில்லை. சட்டையில் நட்சத்திரத்தோடு, போராட்டக் குழுவின் துண்டோடு, அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

மலர்க்கொடி அக்கா கேபிளைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் யாழினியிடம் குனிந்தார். "எவ்வளவு நேரம் வாசிப்பீங்க?"

"எங்களுக்குக் கணக்கு இல்லக்கா. எவ்வளவு வேணா வாசிப்போம்."

"அப்ப நிறுத்தாத."

5. எக்கோ திரும்பி வந்த விதம்

கடைசி உருப்படியை ஆரம்பித்தார்கள். நான் கூடத்தின் பின்மூலையில் மிக்ஸரோடு இருந்தேன். இரண்டு காதிலும் ஹெட்போன், கண் மீட்டரில்.

கொஞ்ச நேரம் போனது. பியானோ சத்தத்தில் ஏதோ மாற்றம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னால் ஒரு வால் முளைத்த மாதிரி இருந்தது. யாராவது செயற்கையாக எக்கோ சேர்க்கிற எஃபெக்ட் யூனிட்டை ஆன் செய்துவிட்டார்களோ என்று பார்த்தேன், ஆஃப் ஆகத்தான் இருந்தது. ஜாக்கைத் திருகிப் பார்த்தேன். கேபிளை மாற்றிப் பார்க்கலாமா என்று நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த நாலைந்து வரிசை ஆட்களைக் காணோம்.

மில்லின் பின்பக்கம் உமி அறை உண்டு. அரவை நடந்த காலத்தில் உமியை வெளியே தள்ளுவதற்கு அதில் ஒரு சிறிய கதவு, அது நேராக வாய்க்கால் கரையில் திறக்கும். மில்லின் சொந்தக்காரர் சந்துருவுக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. அந்த மில்லில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் அது தெரியாதவர் இல்லை. கையில் செருப்பை எடுத்துக்கொண்டு, பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக, குனிந்து, போய்க்கொண்டே இருந்தார்கள். முன்னால் இன்ஸ்பெக்டர், பச்சைத் துண்டு, நிமிர்ந்த முதுகு. வாசலில் காவலர்கள் வெளியே பார்த்தபடி வேனோடு நின்றார்கள்.

பத்துப் பேர் போனால் எக்கோ கொஞ்சம் நீளும். இன்னும் பத்துப் பேர் போனால் இன்னும் கொஞ்சம். நான் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. உள்ளே எத்தனை பேர் மிச்சம் என்பது ஹெட்போனிலேயே கேட்டது. சந்துருவுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஸ்வரத்தை வாசித்துவிட்டுக் கையைத் தூக்கிக் காத்திருந்தார், அது கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதன் பிறகு பாதி இசையை அவர் வாசித்தார், மீதியைக் கூரை வாசித்தது.

ஒரு முறை இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பப் போனார். சாக்ஸபோன்காரர் இரண்டு அடி முன்னால் வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, மூச்சு முட்டும் வரை ஊதினார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இசைக்கு அது தேவைப்பட்டது என்று சாக்ஸபோன்காரர் இன்றும் சாதிக்கிறார்.

ஆனால் ஜாஸில் ஒரு விஷயம் உண்டு. சாக்ஸபோன் ஓய்வெடுக்கும், பியானோ ஓய்வெடுக்கும், டிரம்மர் பெருக்கிக்கொண்டிருக்கலாம். பாஸ் மட்டும் ஓயாது. அது நின்றால் மொத்தமும் விழுந்துவிடும். யாழினி ஒரு விரலை மாற்றி அடுத்த விரலால் வாசித்தாள். பிறகு அதையும் மாற்றினாள். அந்தத் தந்திகள் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி இருக்கும். கையை உதறிக்கொள்ளக்கூட அவளுக்கு இடைவெளி இல்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

எங்கள் தொழிலில் கையால் பேசுவது வழக்கம். கழுத்துக்கு நேராக விரலை இழுத்தால் முடித்துக்கொள் என்று பொருள். விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றினால் போய்க்கொண்டே இரு. உள்ளே இன்னும் முப்பது பேராவது இருந்தார்கள். நான் அப்பன். அவள் விரலில் ரத்தம் கட்டியிருப்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. விரலைத் தூக்கி, வட்டமாகச் சுற்றினேன்.

அவள் விரலை விட்டு, வயலினுக்கு வாசிக்கிற மாதிரி வில்லை எடுத்துக்கொண்டு தொடர்ந்தாள். மறுபடி பார்த்தாள். மறுபடி சுற்றினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ அமைச்சர்களைப் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கழுத்தில் விரல் இழுத்திருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. சொன்னதைக் கேட்ட ஒரே ஆளிடம் நிறுத்தாதே என்று சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியாக மலர்க்கொடி அக்கா வந்தார். சேலையில் உமி ஒட்டியிருந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, யாரும் மிச்சமில்லையே என்று பார்க்கத் திரும்பி வந்திருந்தார். என் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, "பிள்ளைக்கு ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி விடுங்க" என்று காதில் சொல்லிவிட்டு, உமி அறைக்குள் போனார்.

நான் கழுத்தில் விரலை இழுத்தேன்.

யாழினி அந்த அடித் தந்தியின் ஸ்வரத்தைக் கடைசியாக ஒரு முறை இழுத்து விட்டாள். அது காலி மில்லில் எழுந்து, கூரையில் நடந்து, நிதானமாக இறங்கியது. ஒரு சத்தம் முழுதாக அடங்குவதற்குள் ரெக்கார்டிஸ்ட் மூச்சுகூடச் சத்தமாக விடக்கூடாது. இதை என்னிடம் வேலை கற்ற எல்லோருக்கும் தலையில் குட்டிச் சொல்லியிருக்கிறேன். நான் கை தட்டினேன். ஏன் என்று தெரியாது.

"முடிஞ்சுதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முடிஞ்சுது சார்" என்றாள் யாழினி.

அவர் எழுந்து, துண்டைச் சரிசெய்து, திரும்பினார். காலித் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்கய்யா ஆடியன்ஸு?"

"கச்சேரி பிடிக்கலை போல சார்."

அவர் நடந்து போய் வாசலில் காலியாக நின்ற வேனைப் பார்த்தார். பிறகு, "கூட்டம் இருந்தாத்தானே கூட்டினவங்க பேரை எழுத முடியும்" என்றார், யாரிடமோ சொல்வது போல. ஜீப்பில் ஏறும்போதுகூடத் தோளில் துண்டு இருந்தது. ஒரு காவலர் தயங்கித் தயங்கி அதைச் சுட்டிக் காட்டினார்.

6. ஆல்பம் வந்த பிறகு

ஆல்பம் வந்தது. கடைசி உருப்படிதான் அதில் நீளமானது. கேட்டவர்கள், அது போகப் போக இடமே விரிந்துகொண்டு போகிற மாதிரி இருக்கிறதே, என்ன சாஃப்ட்வேர் என்று என்னிடம் கேட்கிறார்கள். மலர்க்கொடி என்று சொன்னால் எழுதி வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். லைவ் ஆல்பம் என்கிறீர்கள், முடிவில் கைதட்டல் இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கிறது. ஒரு ஆள் தட்டுகிறார். அதன் பிறகு இரண்டு குரல்கள்.

யாழினி பழைய வேலைக்குத் திரும்பவில்லை. குழாய் விவகாரம் இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது. நாற்றங்கால் நாற்றங்காலாக இருக்கிறது. எனக்கு மட்டும் இன்னும் தெளியவில்லை. காரில் அந்த உருப்படி ஓடும்போது, எக்கோ நீள ஆரம்பிக்கிற இடம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவேன்.

போன மாதம் மலர்க்கொடி அக்கா ஓர் ஆர்ப்பாட்டத்துக்கு செட் கேட்டார். "கரகரங்கக் கூடாது" என்றார். இரண்டு நாள் கழித்து அதே திடலில் எதிர்த்தரப்பின் கூட்டம், அதற்கும் நான்தான் போட்டேன். இரண்டு தடவையும் ஜாக்கை நானே முறுக்கினேன், வேறு யாரையும் தொட விடவில்லை. கட்சி இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே யோக்கியதை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தம்பி தங்கைகளே, வயலில் குச்சி குத்துவதற்கு முன்னால் அது யார் வயல் என்று கேளுங்கள். தலைமை விருந்தினருக்கு எப்போதும் முதல் வரிசையில் நாற்காலி போடுங்கள்.

ரெக்கார்டிங் ஓடும்போது கை தட்டாதீர்கள். மிக்ஸிங் செய்த அன்று அந்தத் தட்டலை வெட்டிவிடலாம், தொழில் தெரிந்தவர்கள் கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று யாழினியிடம் சொன்னேன். அவள் விரலில் பிளாஸ்திரியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அதையும் எடுத்துட்டா லைவ்னு எப்படிப்பா நம்புவாங்க" என்றாள்.